ஒன்றுக்குப் பதினொன்று

ரீனோ, நெவாடா
8 பிப்ரவரி 1994

அன்புத் தங்கை மைட்டேவுக்கு,

அண்ணன் பெனாட் எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

என் கையெழுத்தைப் பார்த்தால் உறையைப் பிரிக்காமலே போட்டுவிடுவாயோ என்ற பயத்தில் மேல்முகவரியை அம்மாவை எழுதச் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டு, "உள்ள என்னடா எழுதப்போற?" என்றாள். "நலம் விசாரிக்கப் போறேன்" என்றேன். "அதுக்கு நாலு வருஷமா?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள். கார்ட்னர்வில் விடுதிச் சமையலறையில் இன்னமும் அவள் ராஜ்யம்தான். ஞாயிற்றுக்கிழமை அறுபது பேருக்கு ஆட்டுக்கறியும் பூண்டு சூப்பும். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்காலைத் திட்டுகிறாள்.

எனக்குப் போன அக்டோபரிலிருந்து ஒரு ஹோட்டலின் பந்தயக் கூடத்தில் வேலை. பந்தயம் கட்டும் வேலை இல்லை. யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டிக் கணித்து, பலகையில் விலை எழுதும் வேலை. ஃபுட்பாலுக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். பெண்கள் டென்னிஸுக்கு நான் ஒருவன்தான், அதுவும் வேறு யாரும் வேண்டும் என்று கேட்காததால். நான் பந்தயம் கட்டுவதை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

மிட்லண்ட் டென்னிஸ் போட்டியில் நீ தோள் வலியோடு ஆடி முதல் சுற்றிலேயே தோற்றாய் என்று பத்திரிகையில் பார்த்தேன். தோள் எப்படி இருக்கிறது? பதில் போடு.

உன் அண்ணன்,
பெனாட்

*

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
2 மார்ச் 1994

அண்ணனுக்கு,

நலம். அங்கும் நலமே இருக்கட்டும்.

உன் கடிதம் இரண்டு ஊர் சுற்றி நேற்றுதான் கைக்கு வந்தது. எல்லா வரியையும் படித்தேன். கடைசி வரிக்கு மட்டும் பதில் கிடைக்காது. என் தோள், என் முழங்கால், என் தூக்கம், என் பசி, எதைப் பற்றியும் உனக்கு எழுத மாட்டேன்.

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். 1990 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாய். என்னோடு இரட்டையர் ஆடும் நோரீன் குளியலறையில் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள், ஐஸ் வைத்துப் படுத்திருக்கிறாள், வெளியே யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். அண்ணன் கேட்கிறான், தங்கை சொல்கிறேன், அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் தனி ஆட்டத்தில் அவள் தோற்பாள் என்று நீ பணம் கட்டினாய். தோற்றாள். அதோடாவது வாயை மூடியிருக்கலாம். பாரில் நாலு பேரிடம் பெருமையடித்தாய். மூன்றே வாரத்தில் அது எங்கள் உடை மாற்றும் அறைக்கு வந்துவிட்டது. ஐந்து வருடம் என்னோடு ஜோடியாக ஆடியவள் என் முன்னால் வந்து நின்று, "உனக்கு எவ்வளவு பங்குடி?" என்று கேட்டாள். பிறகு என்னோடு அவள் ஆடவில்லை.

அம்மாவின் முழங்காலை டாக்டரிடம் காட்டச் சொல்.

மைட்டே

*

ரீனோ
14 மார்ச் 1994

அன்புள்ள மைட்டே,

நலம். உன் நலத்தைக் கேட்கப் பேனா தானாகவே போகிறது. பிடித்து நிறுத்திவிட்டேன். அம்மாவை டாக்டரிடம் காட்டினேன். எடையைக் குறைக்கச் சொன்னார். அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று அம்மா கேட்டாள்.

நான் எதையும் மறக்கவில்லை. ஒன்று மட்டும் எனக்கு அப்போது தெரியாது. உனக்கும் பங்கு உண்டு என்று நோரீன் நினைத்தாள் என்பது இந்தக் கடிதத்தில்தான் தெரிந்தது. நான் ஏமாற்றியதற்காக உன் மேல் கோபப்பட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மூன்று நாளாக அந்த ஒரு வரியையே படித்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு என்று எழுதினால் எனக்குத்தான் லேசாகும், உனக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இங்கே என் மேலாளர் லொரெய்ன். அறுபது வயது, சிகரெட்டை விட்டதிலிருந்து பென்சிலைக் கடிப்பவர். முதல் நாள் என்னிடம், "பொம்பளைங்க டென்னிஸுக்கு எவன் பணம் கட்டப்போறான்? நாலு லாரி டிரைவர், ஒரு பல் டாக்டர். அவனுங்ககிட்ட தோத்துடாத, அது போதும்" என்றார். நான் எதையெல்லாம் பார்க்கிறேன் தெரியுமா? இரண்டாவது சர்வீஸ் எத்தனை உள்ளே விழுகிறது, போன வாரம் எந்த ஊரில் ஆடினாள், விமானத்தில் வந்தாளா காரில் வந்தாளா, மூன்றாவது செட்டுக்குப் போனால் என்ன ஆகிறது. பத்துக்கு ஆறு சரியாக வருகிறது. மீதி நாலில் யாரோ ஒருத்தி நான் நினைக்காத எதையோ செய்துவிடுகிறாள். சொன்னால் சிரிப்பாய், அந்த நாலுதான் எனக்குப் பிடிக்கிறது.

நேரம் கிடைக்கும்போது எழுது. கேள்வி எதுவும் கேட்கவில்லை.

பெனாட்

*

மேக்கன், ஜார்ஜியா
9 மே 1994

அண்ணனுக்கு வணக்கம்.

நலம். பதில் எழுத இரண்டு மாதம் ஆனதற்குக் காரணம் ஒன்றுமில்லை. எழுத உட்கார்வேன், பிறகு துணி துவைக்கப் போய்விடுவேன்.

இந்த வாரம் போட்டி நடத்துபவர்கள் ஏற்பாட்டில் ஒரு பல் டாக்டர் வீட்டில் தங்கியிருக்கிறேன். நீ சொன்ன அந்தப் பல் டாக்டர் இல்லை. சர்ச், ஜெபம் என்று இருக்கும் குடும்பம், சீட்டுக்கூட ஆடமாட்டார்கள். செம்மண் தரையில் இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவதில் எதிரே ஆடியவளுக்கு வயது பதினாறு. தோற்றதும் கைகுலுக்கி, "ஆன்ட்டி, நல்லா ஆடுனீங்க" என்றாள். முப்பத்தொரு வயதில் ஆன்ட்டி ஆகிவிட்டேன்.

ஜூலை கடைசியில் சாக்ரமென்டோவில் பெரிய போட்டி. என் தரவரிசைக்கு அங்கே இடம் கிடையாது. ஆனால் முன்பொரு முறை காலிறுதி வரை ஆடியவள் என்பதால் சிறப்பு அழைப்பு தருவார்களோ என்று எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்தால் அம்மா மலையைத் தாண்டி வந்து பார்க்கலாம். காரில் மூன்று மணி நேரம்கூட ஆகாது.

அம்மாவை நடக்கச் சொல். நீயும் நட.

மைட்டே

*

ரீனோ
20 மே 1994

அன்புள்ள மைட்டே,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதம் கிடைத்தது. டைப் அடித்து அனுப்பியிருந்தாய். படிக்கச் சுலபமாக இருந்தது.

அம்மாவிடம் சாக்ரமென்டோ விஷயத்தைச் சொன்னேன். அன்றே விடுதிக்காரரிடம் ஜூலை கடைசி வாரம் லீவு கேட்டுவிட்டாள். "அழைப்பு இன்னும் வரலம்மா" என்றேன். "வரும். வரலன்னா நானே போய்க் கேக்கறேன்" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். இது கேள்வி இல்லை.

பெனாட்

*

சாக்ரமென்டோ, கலிஃபோர்னியா
22 ஜூலை 1994, வெள்ளி

அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் கார்ப் பயணத்தைத் தாங்கும் என்று நம்புகிறேன்.

அழைப்பு வந்தது. இன்று காலை சீட்டுக் குலுக்கி யாரோடு யார் என்று எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை நண்பகல் எனக்கு ஆஸ்ட்ரிட் ஃபென்விக். பதினெட்டு வயது, உலகத்தில் ஒன்பதாம் இடம். பட்டியலைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவள் என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள், சாவு வீட்டில் தட்டுவதுபோல.

இந்த ஆட்டத்துக்கு உங்கள் பலகையில் விலை எழுதுவார்கள் என்று தெரியும். எழுதப்போகிறவன் யார் என்றும் தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

வாசலில் அம்மா பெயரில் இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன்.

மைட்டே

*

ரீனோ
29 ஜூலை 1994

அன்புள்ள மைட்டே,

நானும் அம்மாவும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். முழங்கால் தாங்கியது. அம்மாவின் தொண்டைதான் போய்விட்டது. இரண்டு நாளாகச் சைகையில் சமைக்கிறாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் வந்த சனிக்கிழமை வேலைக்குப் போனேன். லொரெய்ன் பட்டியலை நீட்டினார். "செவ்வாய்க்கிழமை ஆட்டம் எட்டு. மத்தியானத்துக்குள்ள விலை வேணும்." ஏழுக்கு எழுதினேன். எட்டாவதில் பேனா நின்றுவிட்டது. நிஜத்தைச் சொன்னால், மனதுக்குள் விலை ஏற்கெனவே தயாராக இருந்தது. ஒன்றுக்குப் பதினைந்து. உன்மேல் ஒரு டாலர் கட்டி நீ ஜெயித்தால் பதினைந்து கிடைக்கும், அதாவது ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று அர்த்தம். ஏன் அவ்வளவு தெரியுமா? மே மாதம் நீ டைப் அடித்து அனுப்பிய கடிதம். சின்ன வயதிலிருந்து மளிகைச் சீட்டைக்கூடக் கையால் எழுதுகிறவள் நீ. பேனா பிடிக்க முடியாத அளவுக்குத் தோள் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறைக்குள்ளிருந்து நானே திருடிக்கொண்டேன்.

எழுந்து லொரெய்னிடம் போனேன். "இந்த ஒண்ணுக்கு என்னால விலை போட முடியாது. அவ என் தங்கச்சி."

பென்சிலை வாயிலிருந்து எடுத்தார். "உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்னு நெனைக்கிறேன். அதனாலதான் முடியாது."

"என்ன தெரியும்?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சொல்லாம இருந்தா நான் முட்டாள்தனமா ஒரு விலை எழுதுவேன். நம்ம கூடத்துக்கு நஷ்டமாகும். உனக்குச் சம்பளம் குடுக்கறது எதுக்கு?"

அப்போதுதான் 1990 விஷயத்தை முழுவதும் சொன்னேன். நோரீன், கணுக்கால், பார், எல்லாம். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். கடைசியில், "அது நடந்தப்ப நீ இங்க வேலைல இல்ல. அதனால வெளிய அனுப்பல. ஆனா டென்னிஸ் பலகைய இனிமே தொடாத. திங்கக்கிழமையிலிருந்து டிக்கெட் ஜன்னல்ல உக்காரு" என்றார். பிறகு சாக்கட்டியை எடுத்துப் பத்திரிகையில் இருந்த தரவரிசையை மட்டும் பார்த்து உன் பெயருக்கு நேரே எழுதினார். ஒன்றுக்குப் பதினொன்று.

திங்கட்கிழமை ஜன்னலுக்கு முதலில் வந்தவன் ஒரு லாரி டிரைவர். பலகையில் உன் பெயரையும் என் சட்டையில் இருந்த குடும்பப் பெயரையும் மாறி மாறிப் பார்த்தான். "உருத்தியா. சொந்தமா?" என்றான். "தங்கச்சி" என்றேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரொம்ப அக்கறையாக, "எப்படி இருக்கா? உடம்பு கிடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டான். மைட்டே, அந்தக் கேள்வி வெளியிலிருந்து கேட்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நாளைக்கு நானும் போய்த்தான் பாக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவோடு வந்தேன். இரண்டாவது டிக்கெட்டை எடுத்துக்கொண்டு, அம்மாவை இரண்டாம் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, நான் மேலே கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். நூற்றி நாலு டிகிரி வெயில். முதல் செட் மூன்றுக்கு ஆறு என்று போனது. ஒவ்வொரு முறை நீ பந்தைத் தூக்கிப் போடும்போதும் தோளில் வலி தெரிகிறதா என்று தேடினேன். வலி இல்லை. பந்தை முன்பைவிடத் தாழ்வாகப் போட்டுப் புதுசாக ஒரு சர்வீஸ் அடிக்கிறாய். அந்தப் பெண் எங்கே நின்று எடுப்பது என்று தெரியாமல் இரண்டு அடி முன்னே வந்தாள், மூன்று அடி பின்னே போனாள். இரண்டாவது செட் உனக்கு. மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து ஆனபோது கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர், "யார் ஜெயிப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?" என்றார். "தெரியலீங்க" என்றேன். கடைசிப் பந்து வலையில் பட்டு அவள் பக்கம் விழுந்தபோது, அம்மா கைப்பையால் முன்னால் இருந்தவர் தலையில் அடித்துவிட்டாள். அவர் திரும்பி அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் கீழே வரவில்லை. வர எழுந்தேன். அப்போது படிக்கட்டில் நோரீனைப் பார்த்தேன். யாரோ ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுக்கிறாள் போல, தோளில் பை. அவள் உன்னைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போனாள். நிறுத்தியது என்னால் என்பது எனக்குத் தெரிந்தது. என்னைத் தாண்டித்தான் போனாள். காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவளுக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. இன்னொரு நகல் உங்கள் ஆட்டக்காரர்கள் சங்கத்துக்கும் போயிருக்கிறது.

பெனாட்

*

(இணைப்பு)

ரீனோ
27 ஜூலை 1994

திருமதி நோரீன் ஸ்டக்கி அவர்களுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னிடமிருந்து இந்த வார்த்தை வருவது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும்.

1990 ஜூன் மாதம் உங்கள் கணுக்காலைப் பற்றித் தெரிந்துகொண்டு உங்களுக்கு எதிராகப் பணம் கட்டியவன் நான். என் தங்கை மைட்டே, நான் நலம் விசாரித்ததற்குப் பதிலாக அதைச் சொன்னாள். நான் பந்தயம் கட்டுவேன் என்பது அவளுக்குத் தெரியாது. அதில் ஒரு சென்ட்கூட அவள் வாங்கவில்லை. நான்கு வருடம் முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு என் கோழைத்தனத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. யார் விசாரித்தாலும் இதையே சொல்வேன்.

பெனாட் உருத்தியா

*

சான் டியேகோ
12 ஆகஸ்ட் 1994

அன்புள்ள அண்ணா,

நலம். அம்மாவின் தொண்டை சரியாகியிருக்கும் என்று நினைக்கிறேன். தேன் வாங்கிக் கொடு.

உன் கடிதத்தை விமான நிலையத்தில் நின்றுகொண்டே படித்தேன். டைப் அடித்த இடம் வந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெட்டி தள்ளிக்கொண்டு போன ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். தோளுக்கு ஒன்றும் இல்லை, பிப்ரவரியிலேயே சரியாகிவிட்டது. இதோ, கேட்காமலே எழுதிவிட்டேன். போய்ஸி நகரத்தில் ஒரு கல்லூரியில் பெண்கள் டென்னிஸுக்குத் துணைப் பயிற்சியாளர் வேண்டுமாம். விண்ணப்பம் டைப் அடித்துத்தான் அனுப்ப வேண்டும். அந்தப் பல் டாக்டர் மனைவியிடம் ஒரு மிஷின் இருந்தது. பழகிக்கொள்ள முதலில் அடித்தது உனக்கு எழுதிய கடிதம்தான். அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு மணி நேரம், பதினேழு காகிதம். இதை வைத்து என் கையை ஒடித்து, ஒன்றுக்குப் பதினைந்து என்று போட்டாயே.

இரண்டாவது சுற்றில் ஒன்றுக்கு ஆறு, இரண்டுக்கு ஆறு என்று தோற்றேன். அவள் நன்றாக ஆடினாள், அவ்வளவுதான். அதற்காக நான் அழவில்லை. முதல் ஆட்டம் முடிந்து கையைத் தூக்கி அம்மா பக்கம் திரும்பினேன், பக்கத்து நாற்காலி காலி. அதற்குத்தான் அழுதேன். டிக்கெட் எதற்கு வைத்தேன் என்று நினைத்தாய்?

நோரீனிடம் நான் ஏன் அன்றே மறுக்கவில்லை என்று அம்மா பல முறை கேட்டிருக்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால், பின்னே யாருக்குத் தெரியும் என்று கேட்பார்கள். சங்கம் கேட்கும், போலீஸ்கூடக் கேட்கும். அதுவரை பார் வதந்தியாக இருந்ததை, அண்ணன்தான் செய்தான் என்று என் வாயால் உறுதிப்படுத்த எனக்கு வரவில்லை. நீயே வந்து சொல்வாய் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டேன். இப்போது சொல்லிவிட்டாய்.

போய்ஸியிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நவம்பரில். அங்கே நம் இனத்து ஆட்கள் நிறையப் பேர், தெருவுக்கு ஒரு உருத்தியா இருப்பார்கள். அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. ஜன்னல் வேலை கஷ்டமாக இருக்கிறதா?

அன்புத் தங்கை,
மைட்டே

*

லபக், டெக்சாஸ்
3 செப்டம்பர் 1994

திரு. உருத்தியா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். கணுக்காலும் நலம், நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தில் மன்னிப்பு இருக்கிறதா என்று தேடவேண்டாம். மன்னிக்கும் இடத்துக்கு நான் இன்னும் வந்துசேரவில்லை. உங்கள் கடிதத்தை ஒரு மாதம் காரின் முன்பெட்டியில் வைத்துக்கொண்டு சுற்றினேன். போன ஞாயிற்றுக்கிழமை மைட்டேவுக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "ஏண்டி வாயத் தொறக்கல?" என்று கேட்டேன். "நீ ஏண்டி நம்பல?" என்றாள். நாலு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. உங்கள் மேல் மட்டும் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது என்று அப்போது புரிந்தது. முதல் இருபது நிமிடம் சண்டை போட்டோம். அடுத்த ஒரு மணி நேரம் உங்களைத் திட்டினோம். நன்றாக இருந்தது.

அக்டோபரில் டல்சாவில் ஒரு சின்னப் போட்டி இருக்கிறது. இரட்டையருக்கு எங்கள் இருவர் பெயரையும் கொடுத்திருக்கிறேன். நான் போட்டியில் ஆடி ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் தங்கைக்கு வலைக்கு முன்னால் வந்தால் இன்னமும் பயம். வேண்டுமென்றால் குறித்துக்கொள்ளுங்கள், இது ரகசியமே இல்லை.

உங்கள் அம்மா விடுதியில் பூண்டு சூப் நன்றாக இருக்கும் என்று மைட்டே ஐந்து வருடம் என் உயிரை எடுத்தாள். அந்தப் பக்கம் வந்தால் சாப்பிடுவேன். நீங்கள் பரிமாறலாம்.

நோரீன் ஸ்டக்கி

*

டல்சா, ஓக்லஹோமா
12 அக்டோபர் 1994

அன்புள்ள அண்ணா,

இங்கு இருவரும் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? லீவு கிடைக்கவில்லை என்று நீ எழுதியது வந்தது. பரவாயில்லை. ஜன்னலில் உட்கார்ந்ததிலிருந்து முதுகு வலிக்கிறது என்றாயே, தலையணை ஒன்றை வைத்துக்கொள். லொரெய்ன் சிரித்தால் சிரிக்கட்டும்.

இன்று முதல் சுற்று. பார்க்க மொத்தம் பதினாறு பேர், ஒரு நாய். முதல் பந்து நடுவில் வந்தது. "என்னோடது" என்று நானும் கத்தினேன், அவளும் கத்தினாள், இரண்டு பேரும் விட்டுவிட்டோம். பந்து எங்கள் நடுவில் குதித்துப் போனது. எதிர்ப்பக்கம் இருந்த சின்னப் பெண்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் நின்றார்கள். நோரீன் என்னிடம் வந்து, ராக்கெட்டால் வாயை மறைத்துக்கொண்டு, "நடுவுல வந்தா என்னோடது. எப்பவும் என்னோடதுதான். மறந்துட்டியா?" என்றாள். "ஒன்றரை வருஷம் ஆடாதவளுக்கு நடுப்பந்தா?" என்றேன். "நின்னு பாரு" என்றாள். அதற்கப்புறம் நடுவில் வந்த பந்து ஒன்றையும் அவள் விடவில்லை. ஆறு நாலு, ஆறு நாலு. ஜெயித்துவிட்டோம். முடிந்ததும் என் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கினாள். வியர்வையும் மருந்தெண்ணெயும் கலந்த அந்த வாசனை நாலு வருடமாக எனக்கு மறந்தே போயிருந்தது.

நாளை காலை பதினோரு மணிக்கு இரண்டாம் சுற்று. எதிரே முதல் தரத்தில் இருக்கும் ஜோடி. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பத்திரிகையின் பொடி எழுத்தில் முடிவைப் பார்த்திருப்பாய். எனக்கு இப்போது தெரியாது. பதற்றமாக இருக்கிறது, பசியும் எடுக்கிறது. பன்றி விலா எலும்பு வாங்கி வந்து கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நோரீன் டிவியில் வானிலை பார்த்துக்கொண்டே, "காத்து அடிக்குமாம். நல்லது. அவளுங்களுக்குக் காத்து பிடிக்காது" என்கிறாள். நமக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பழகிக்கலாம்" என்றாள்.

விளக்கை அணைக்கச் சொல்கிறாள். நிறுத்திக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை,
மைட்டே